ஐந்து பங்கு பிளஷர்

செட்டிநாட்டில் வீட்டைப் பங்கு வைப்பார்கள், வெள்ளிச் சாமானைப் பங்கு வைப்பார்கள், ஊறுகாய் ஜாடியைக்கூடப் பங்கு வைப்பார்கள். ஒரு காரை ஐந்தாகப் பங்கு வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தேன் என்ன, சீட்டு எடுத்ததே என் கைதான். இன்றைக்குச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. அந்தப் பயம் எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் ஆசாரி வீட்டுக்காரர்கள். முப்பாட்டன் காலத்திலிருந்து உலையும் சம்மட்டியும்தான். அப்பாதான் அதைவிட்டு விலகி, காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருஷம் ஸ்பேனர் பிடித்துப் பழகி, கல்லல் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் சொந்தமாக ஓலைக் கொட்டகை போட்டார். ஓடாமல் நின்றுபோன பிளஷர்களை வாங்குவார். வீட்டுக் காரைப் பிளஷர் என்றுதான் அப்போது எங்கள் பக்கம் சொல்வோம். வாங்கி, பிரித்து, ஓட வைத்து, விற்பார். கூடமாட வேலைக்குச் சித்தப்பா இருந்தார். அப்பாவின் தம்பி. அப்பாவைவிட நாலு எழுத்துக் கூடப் படித்தவர், நாற்பது எழுத்துக்கு அளப்பவர்.

ஓட வைப்பது பெரிய காரியம் இல்லை. சாமான் கிடைப்பதுதான் பெரிய காரியம். வண்டியெல்லாம் கப்பலில் வந்த வண்டி. சாமான் கப்பலில் வருவதோ நின்றுபோயிருந்தது. மெட்ராசில் கேட்டால் ஒரு சாமானுக்குப் பாதி வண்டி விலை சொல்வார்கள். அப்பா அதற்கெல்லாம் அசர மாட்டார். ரயிலேறி மதுரைக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் குந்தியிருந்து பொறுக்குவார். லாரிச் சாமானை அராவி அராவிக் காருக்குச் சேர்த்துவிடுவார். தேய்ந்த புஷ்ஷுக்கு உடைந்த குத்துவிளக்கை உருக்கி வார்ப்பார். தண்ணீர் ஒழுகுகிற இடத்துக்குச் செட்டியார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வெட்டிப் பேக்கிங் போடுவார். அந்த அட்டை அவ்வளவு கெட்டி. “முகூர்த்த நேரமே இன்ஜினுக்குள்ள இருக்கு, வண்டி எப்படி நிக்கும்?” என்பார் சித்தப்பா. சும்மா சொல்லக்கூடாது, அப்பா கை பட்ட வண்டி நின்றதில்லை.

ஒன்றே ஒன்று நின்றது. அது ஒரு கறுப்புப் பிளஷர். எல்லா வேலையும் முடிந்துவிட்டது, டைனமோ மட்டும் செத்துப்போயிருந்தது. டைனமோ சுற்றினால்தான் பேட்டரியில் கரண்டு ஏறும். அது இல்லாவிட்டால் வண்டி கொஞ்ச தூரம் ஓடி, விளக்கு மங்கி, நடுரோட்டில் படுத்துவிடும். ஏதோ ஒரு வழி பண்ணி ஒப்பேற்றிவிடலாம் என்று அப்பா நினைத்தார். திருப்பத்தூரிலிருந்து வாங்க வந்த வக்கீல் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கொண்டுபோனார். குன்றக்குடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்பி வந்தவர், “வர்ற வெள்ளிக்கெழம வருவேன். ஓடுனா எடுத்துக்கிறேன். ஓடலையா, நீயே வச்சு அதுல கோழி அடைச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “வெள்ளிக்கெழம இந்த வண்டி போகலேன்னா கொட்டகையப் பிரிச்சுப்புட்டு நான் பம்பாய்க்குப் போறேன். வேற வழியில்ல.” பம்பாய் என்றால் எங்கள் வீட்டில் வேறு அர்த்தம். என் பெரிய மாமா பம்பாய்க்குப் போனார். ஆறு மாதத்தில் அவருடைய தகரப்பெட்டி மட்டும் திரும்பி வந்தது. பம்பாய் என்பது ஆளை விழுங்கிவிட்டுப் பெட்டியைத் துப்புகிற இடம் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பெட்டிகூட இல்லை. துப்புவதற்கும் ஒன்றும் இருக்காதே என்று அழுதேன்.

அப்பா வாங்கியிருந்த வண்டிக்கு அப்படியே ஜோடியாக இன்னொரு வண்டி இரண்டு மைலுக்குள் இருந்தது. ஒரு பெரிய வீட்டுக் கார் கொட்டகையில், பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிக்கிடந்தது. அதை வாங்கிய செட்டியார் காலமாகிவிட்டார். அவருக்கு ஐந்து மகன்கள். நாலாமவரும் தவறிவிட்டார். அவருடைய சம்சாரம் மட்டும் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். ஊரில் எல்லோரும் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆச்சி என்றால் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம், என் அம்மா வயதுதான். மற்ற நாலு பேரும் மெட்ராசிலும் மலேயாவிலும் இருந்தார்கள். முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்கு மட்டும் ஒன்றாக வந்து கூடுவார்கள்.

அப்பா அந்தக் காரைப் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டார். “அப்பச்சி ஏறின காரு. விக்கிறதுக்கில்ல” என்று மூத்த செட்டியார் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவர்கள் தகப்பனாரை அப்பச்சி என்பார்கள்.

அந்த வருஷப் படைப்புக்கு வந்த இடத்தில் கடைசித் தம்பி, துருப்பிடித்து வீணாகிறதே, விற்றுத் தொலைக்கலாம் என்றிருக்கிறார். மூன்றாமவர் கூடாது என்றிருக்கிறார். இரண்டு நாள் சத்தம். மூன்றாம் நாள் மூத்தவர் ஒரு முடிவு சொன்னார். விற்கக் கூடாது, பங்கு வைத்துக்கொள்ளலாம். பங்கு வைத்த பிறகு அவரவர் சாமான் அவரவர் இஷ்டம். காரைப் பிரிக்க ஆள் வேண்டுமே, அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அது திங்கட்கிழமை.

“ஐயா சொல்றீக, கார எப்படி அஞ்சாப் பிரிக்கிறது?” என்று அப்பா கேட்டார்.

“இந்த வீட்டுத் தேக்குத் தூணையே எண்ணிப் பங்கு வச்சிருக்குப்பா. கார் என்ன பெரிய கார்!” என்றார் மூத்தவர். அங்கே நின்ற ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு நட்டு இருக்கும், பெரியவர்கள் கை அங்கே நுழையாது. என் கை நுழையும். அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததும் பெருமையெல்லாம் போய்விட்டது. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. தலைக்கு மேலே வௌவால். காரின் அடியில் பாம்புச் சட்டை. எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது பின்சீட்டு. அதில் ஒரு கனத்த ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. நான் இன்ஜினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அங்கே ஒருவர் உட்கார்ந்து என் முதுகைப் பார்ப்பதுபோலவே இருந்தது.

இரண்டாம் நாள் எனக்குத் தண்ணீர் தவித்தது. வீட்டுக்குள் போனேன். நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை, பின்கட்டில் ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு. நாலு அடுப்பு எரிந்து, நெய் வாசனை தூக்கியது. ஆச்சியின் அடுப்பில் மாக்கோலம் அழியாமல் இருந்தது.

“ஆச்சி, நீங்க சமைக்கலையா?”

“இன்னிக்கு விரதம் ஆத்தா.”

நேற்றும் விரதம் என்றுதானே சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பக்தி என்று ஆச்சரியப்பட்டேன். முன்கட்டிலிருந்து மூத்தவரின் சம்சாரம் ஓர் இலையில் பலகாரம் வைத்து அனுப்பியிருந்தார். ஆச்சி அதைத் தொடாமல் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

என்னைத் தேடி வந்த அப்பா, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஆச்சியிடம் மெதுவாகச் சொன்னார். “ஆச்சி, டைனமோ இருக்கிற பங்கு ஒங்களுக்கு விழுந்தா எனக்குத் தாங்க. நாயமான வெல குடுத்திருறேன். மத்தவுகளுக்கு விழுந்தா அறையில வச்சுப் பூட்டிட்டுக் கப்பலேறிருவாக.”

“வேற பங்கு விழுந்தா?”

“அதையும் எடுத்துக்கிறேன் ஆச்சி. ஆனா அது எனக்கு இந்த வெள்ளிக்கெழமைக்கு ஒதவாது.”

ஆச்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “விழுந்தா எடுத்துக்க. நான் யாருகிட்டயும் கேக்கல. என் பங்கு, நான் குடுக்கிறேன். அவ்வளவுதான்” என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். அப்பா ஒரு தடவைதான் கேட்டிருந்தார்.

புதன்கிழமை படைப்பு. வியாழக்கிழமை காலையில் சீட்டு. கொட்டகை வாசலில் கார் ஐந்து குவியலாகக் கிடந்தது. இன்ஜின் ஒன்று. சக்கரங்கள் ஒன்று. கதவும் உட்காருகிற சீட்டும் ஒன்று. வெறும் கூடு ஒன்று. டைனமோ, விளக்கு, ஹார்ன் எல்லாம் சேர்ந்து ஒன்று. மூத்தவர் சுற்றி வந்து பார்த்தார். பிறகு சித்தப்பாவைக் காட்டி, “பங்காளி கையெழுத்து வேணாம். நீ எழுதிச் சுருட்டு” என்றார். என்னைக் காட்டி, “வெளிப்புள்ள எடுக்கட்டும். ஒருத்தரும் கொறை சொல்ல முடியாது” என்றார். அவர் கண் என்மேல் பட்டதும் அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதுதான் அவரிடம் பயம்.

சித்தப்பா சீட்டு எழுதிய கையோடு என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“ஏ புள்ள, நல்லாக் கேளு. நம்ம சீட்டுக்குள்ள ஒரு கடுகு வச்சுச் சுருட்டியிருக்கேன். வெரல்ல நெரடும். மூத்தவுகள்ல இருந்து வருசையாக் கூப்பிடுவாக. மொத மூணு பேருக்கு அதத் தொடாத. நாலாவது ஆச்சி. அப்ப அத எடு.”

“சாமி முன்னாடி வச்சா எடுக்கணும்?”

“ஆமா.”

“அம்மா சொல்லிச்சு, படைப்பு வீட்டுல பொய் பண்ணுனா நாக்கு உள்ள இழுத்துக்குமாம்.”

சித்தப்பா என் நாக்கைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. “ஒங்கப்பன் பம்பாய்க்குப் போறது பரவாயில்லையா?” என்றார். “அண்ணங்கிட்ட வாயத் தொறந்த, தோல உரிச்சுப்புடுவாரு. ஒனக்கில்ல, எனக்கு.”

சாமி அறைக்கு முன்னால் பூப்போட்ட தரையில் எல்லோரும் கூடி நின்றார்கள். வாய் குறுகின ஒரு பித்தளைச் செம்புக்குள் ஐந்து சீட்டையும் போட்டுக் குலுக்கினார்கள். பெரியவர்கள் கை நுழையாது என்பதற்காகவே அந்தச் செம்பு. அறைக்குள் முந்தின நாள் படைத்த சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அதை உடுத்த முன்னோர் வருவார்கள் என்று கேட்டிருக்கிறேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவரும் அங்கேதான் இருப்பார் என்று நினைத்தேன்.

“மூத்தவுக” என்று கூப்பிட்டார்கள். செம்புக்குள் கையை விட்டேன். முதலில் பட்டதே கடுகுச் சீட்டு. நெருப்பைத் தொட்டதுபோல விட்டேன். என் வேர்வையில் அது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளேயே உதறி உதறித் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். மூத்தவருக்கு இன்ஜின். ஆறு ஆள் சேர்ந்தாலும் அசையாத சாமான். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாமவருக்குச் சக்கரங்கள். எடுக்கும்போது கடுகு எங்கே என்று விரல் தேடியது, காகிதமெல்லாம் வேர்வையில் ஊறி ஒரே மாதிரி நெரடியது. மூன்றாமவருக்கு எடுத்தபோது குருட்டாம்போக்கில்தான் எடுத்தேன். அவர் பிரிக்கிறவரைக்கும் எனக்கு மூச்சு இல்லை. கதவும் சீட்டும். “நாலு கதவ வச்சு என்ன பண்றது, வீட்டுல நாப்பது கதவு இருக்கு” என்று அவர் முனகினார்.

“ஆச்சி.”

செம்புக்குள் இரண்டே சீட்டு. ஒன்றைத் தொட்டேன். மெத்தென்று இருந்தது. மற்றதைத் தொட்டேன். அதுவும் மெத்தென்று இருந்தது. நான் உதறிய உதறலில் கடுகு வெளியே விழுந்திருக்கிறது. எது டைனமோ, எது வெறும் கூடு என்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா தூணோரம் நின்று கண்ணை உருட்டினார். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை மட்டும் வேட்டி ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடினேன். பொய் பண்ண வந்தவள் எந்த முகத்தோடு சாமியைக் கேட்பது? கேட்காமலே ஒன்றை எடுத்தேன்.

ஆச்சி பிரித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும். வாசித்துவிட்டு, சத்தமில்லாமல் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “வெளக்கு, ஹாரன், அந்தச் சில்லறைச் சாமான்” என்றார். அப்பா சாமி அறையைப் பார்த்துக் கைகூப்பினார். சித்தப்பா மீசையைத் தடவினார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்க மாட்டேன். கடைசித் தம்பிக்கு மிச்சம் ஒரு சீட்டுத்தானே. என்னை எடுக்கச் சொல்லாமல் அவரே செம்பை வாங்கிக் கவிழ்த்தார். சீட்டு விழுந்தது. கூடவே ஒரு கடுகு விழுந்து, டிக்கென்று ஒரு குதி குதித்து, அந்த வழுவழுத்த தரையில் உருள ஆரம்பித்தது. மஞ்சள் பூவைத் தாண்டி, பச்சை இலையைத் தாண்டி, நேராக மூத்தவரிடம் போனது. கடைசித் தம்பி சீட்டை வாசிப்பதில் இருந்தார். மூத்தவர் மட்டும் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தன் வெறுங்காலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

எல்லோரும் கலைந்துபோகிறவரைக்கும் அவர் அந்தக் காலை எடுக்கவில்லை. நானும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஆட்கள் போனதும் போலீசைக் கூப்பிடப் போகிறார், அப்பா கையில் விலங்கு மாட்டப் போகிறார்கள், பம்பாயாவது தேவலை, ஜெயிலிலிருந்து பெட்டிகூட வராது என்றெல்லாம் என் புத்தி ஓடியது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டேன், இருக்கிறதா என்று. “என்னடி, சாமிக்கு முன்னாடி பழிப்புக் காட்டுற?” என்று அப்பா அதட்டினார்.

ஆச்சி கேட்காமலே அப்பா நல்ல விலையாகக் கொடுத்தார். சாமானை மாட்டுவண்டியில் ஏற்றினோம். வண்டி வாசலைத் தாண்டும் நேரம் மூத்தவர் தனியாக வந்தார். அப்பா மாட்டுக்காரனோடு முன்னால் நின்றிருந்தார். வண்டிக்குப் பின்னால் சித்தப்பாவும் நானும்தான். அவர் என்னைத் தாண்டி வந்து நின்றார். சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“கடுகு உருளும்ப்பா. அடுத்த தடவ எள்ளு வையி.”

சித்தப்பா அன்றைக்கு வண்டியில் ஏறாமல் இரண்டு மைலும் பின்னாலேயே நடந்து வந்தார்.

வெள்ளிக்கிழமை வக்கீல் வந்தார். கறுப்புப் பிளஷர் விளக்கு இரண்டும் எரிய எரிய ஓடியது. அப்பா பம்பாய்க்குப் போகவில்லை. “நம்ம புள்ள கையால தெய்வம் குடுத்துச்சு” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சித்தப்பா தன் சாமர்த்தியம் என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். மூத்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். மூன்று பேருக்கும் தெரியாது, அந்தச் சீட்டில் கடுகே இல்லை என்று. எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்வதென்றால் முதலில் கடுகைச் சொல்ல வேண்டுமே. சொல்லவில்லை.

எனக்கு அன்றைக்குப் புரியாதது வேறு. விரதம் என்று சொல்லிப் பட்டினி கிடந்தாலும் மைத்துனர்மார் கையிலிருந்து ஓர் இலைப் பலகாரம்கூட வாங்காத ஒருத்திக்கு, முன்னோர் முன்னிலையில் விழுந்த பங்கைத்தான் கொடுக்க முடியும் என்று மூத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. காரை முழுசாக விற்றிருந்தால் ஆச்சிக்குக் கிடைப்பது ஐந்தில் ஒன்று. பங்கு வைத்ததால் விலை போனது ஆச்சியின் குவியல் ஒன்றுதான். எழுதச் சித்தப்பாவைக் காட்டியவர் அவர். எடுக்க என்னைக் காட்டியவரும் அவர். கடுகு வைக்கிற யோசனை உன்னுடையதுதானா என்று சித்தப்பாவை அவர் சாகிறவரை நான் கேட்கவில்லை. கேட்டாலும் தன்னுடையது என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒன்பது வயதில் இதெல்லாம் எட்டுமா? எனக்கு எட்டியது ‘அடுத்த தடவை’ என்ற ஒரு வார்த்தைதான். அடுத்த வருஷமும் இந்த வீட்டில் ஏதோ பங்கு வைக்கப் போகிறார்கள், அப்போதும் என் கைதான் செம்புக்குள் போக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். வருஷம் முழுக்க அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. மறுவருஷம் படைப்பன்றைக்கு ஆச்சி அனுப்பிய ஆள் என் பேரைச் சொல்லி வாசலில் கூப்பிட்டதும், ஓடிப்போய் நெல்லுக் குதிருக்குள் இறங்கிக்கொண்டேன். “சாப்பிடத்தான்டி கூப்பிடுறாக” என்று அம்மா வெளியே நின்று குதிர்மேல் தட்டித் தட்டிச் சொன்னாள். நான் இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு, வந்த ஆள் போகிறவரைக்கும் உள்ளேயே இருந்தேன்.